பாசிக்குத் தீனி போடுவது யார்?

மீன் தொட்டி வைத்திருக்கும் எல்லா வீட்டிலும் இந்தக் கேள்வி ஒருநாள் எழுந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன்களை வாளிக்கு மாற்றுகிறோம். கூழாங்கற்களைத் தேய்த்துக் கழுவி, கண்ணாடியைத் துடைத்து, புதுத் தண்ணீர் ஊற்றி வைக்கிறோம். தொட்டி பளிச்சென்று இருக்கிறது. இரண்டு வாரம் போவதற்குள் கண்ணாடியில் பச்சைப் புள்ளிகள். கற்களின் மேல் வழவழப்பான படலம். சில வீடுகளில் தண்ணீரே பச்சை. கேன் தண்ணீர் வாங்கி ஊற்றிப் பார்த்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். ஆனால் அதே தண்ணீர் சமையலறை மூலையில் கேனுக்குள்ளேயே இருந்தால் வாரக்கணக்கில் தெளிவாகத்தான் இருக்கிறது. தொட்டிக்குள் போனதும் அதற்கு என்ன ஆகிறது?

கடையில் கேட்டால் ஒரு பாட்டில் மருந்தோ, வயிற்றுப்பக்கம் வாய் வைத்த ஒரு கறுப்பு மீனோ கிடைக்கும். இரண்டையும் பிறகு பார்ப்போம். முதலில் பாசி எதைத் தின்று வளர்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

வித்தைத் தேடுவது வீண்

பாசியின் நுண்ணிய வித்துகள் காற்றில் மிதக்கின்றன. மீனோடு வந்த தண்ணீரில், செடியின் இலையில், வலையில், கூழாங்கல்லில், நம் கையில்கூட ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத ஒரே ஒரு செல் போதும். சாதகமான சூழல் அமைந்தால் பல பாசி இனங்கள் ஒரு நாளிலோ இரண்டு நாளிலோ ஒன்று இரண்டாகப் பெருகிவிடும். ஆகவே வித்து வராமல் தடுப்பது வீட்டில் நடக்கிற காரியம் அல்ல. கொதிநீரில் கழுவினாலும், புதுத் தொட்டியே வாங்கினாலும், அடுத்த மீனோடு அது வந்து சேரும்.

கேனிலும் வித்து இருக்கக்கூடும். அங்கே அது முளைக்காமல் கிடப்பதற்குக் காரணம் இரண்டு: வெளிச்சம் குறைவு, சத்து குறைவு. தொட்டியில் இந்த இரண்டையும் நாமே தினமும் கொடுக்கிறோம்.

ஒரே பெயர், பல உயிர்கள்

நாம் பாசி என்று ஒரே சொல்லில் அழைப்பது உண்மையில் நெருங்கிய உறவில்லாத பல உயிர்களின் கூட்டம். எது வந்திருக்கிறது என்று பார்த்தால் தொட்டியின் நிலைமை பாதி புரிந்துவிடும்.

புதிதாகத் தொட்டி வைத்த முதல் சில வாரங்களில் கண்ணாடியிலும் மணலிலும் பழுப்பு நிறத் தூள் படியும். விரல் வைத்தாலே துடைத்துக்கொண்டு வரும். இது டயாட்டம் என்ற ஒற்றைச் செல் உயிர். கண்ணாடிக்கும் மணலுக்கும் அடிப்படையான சிலிக்காவைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் தனக்கு ஓடு கட்டிக்கொள்ளும். பெரும்பாலான தொட்டிகளில் இது தானாகவே குறைந்துவிடும். இதற்காக யாரும் மருந்து வாங்க வேண்டியதில்லை.

தண்ணீரே பச்சையாகிறது என்றால், கோடிக்கணக்கான ஒற்றைச் செல் பச்சைப்பாசிகள் மிதக்கின்றன என்று பொருள். பார்க்கச் சகிக்காதே தவிர, மீனுக்கு இது பெரும்பாலும் கெடுதல் செய்வதில்லை. மீன் குஞ்சு வளர்ப்பவர்கள் பச்சைத் தண்ணீரை வேண்டுமென்றே உண்டாக்குவதும் உண்டு. கடுகளவேயான டாப்னியா அந்தப் பாசியைத் தின்று பெருகும். குஞ்சுகள் டாப்னியாவைத் தின்னும்.

இலை ஓரங்களிலும் ஃபில்டர் வாயிலும் கறுப்புத் தாடிபோல் முளைப்பது சிவப்புப்பாசி இனம். பெயர் பொருந்தவில்லையே என்று தோன்றும். ஒரு கொத்தைப் பிய்த்து ஸ்பிரிட்டில் போட்டு வைத்தால், மற்ற நிறமிகள் கரைந்துபோய்ச் சிவப்பு மேலே தெரியும். பிடிவாதமான பாசி இதுதான். பிடித்த இலையை வெட்டி எறிவதே எளிது.

கடைசியாக ஒன்று. மணலையும் செடியையும் போர்த்திக்கொண்டு, நீலம் கலந்த பச்சையில், தொட்டால் தாள் தாளாக உரிந்து வரும் படலம். மண்வாசனைபோல ஒரு நெடியும் அடிக்கும். இது பாசியே அல்ல, பாக்டீரியா. நீலப்பச்சைப் பாசி என்று பழைய பாடப்புத்தகங்கள் சொன்னதை இன்று நீலப்பச்சை பாக்டீரியா என்கிறார்கள். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் காற்றில் ஆக்சிஜனைச் சேர்க்கத் தொடங்கியது இதன் முன்னோர் கூட்டம்தான். வீட்டுத் தொட்டியில் இது அதிகமாக வருவது தண்ணீர் ஓட்டமில்லாத மூலையிலும், அழுக்கு சேர்ந்து கிடக்கும் மணலிலும். கண்டால் குழாய் வைத்து உறிஞ்சி வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் நீரோட்டம் படும்படி செய்ய வேண்டும்.

இத்தனை வேறுபாடு இருந்தாலும் இவை எல்லாவற்றுக்கும் தேவை ஒன்றுதான்: வெளிச்சம், கரியமில வாயு, விவசாயிகள் தழைச்சத்து என்று சொல்லும் நைட்ரஜன், மணிச்சத்து என்று சொல்லும் பாஸ்பரஸ், இன்னும் சிறிது உலோகச் சத்துகள். வயலில் உரமாகும் அதே பொருள்கள்தான் தொட்டியிலும் பாசிக்கு உரமாகின்றன. வயலுக்கு மூட்டையில் வருகிறது. தொட்டிக்கு எப்படி வருகிறது?

ஒரு கிராம் தீனியின் பயணம்

இங்கே கொஞ்சம் நிதானமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கூட்டல் பெருக்கல் தெரிந்தால் போதும்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள சாதாரணத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். மணலும் கல்லும் போக அதில் சுமார் 50 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். மீன்களுக்குத் தினமும் மொத்தம் 1 கிராம் உலர் தீனி போடுகிறோம். டப்பாவின் பின்பக்கம் பார்த்தால் புரதம் 40 சதவீதம் என்பதுபோல் அச்சிட்டிருக்கும். அப்படியானால் 1 கிராம் தீனியில் 400 மில்லிகிராம் புரதம். புரதத்தின் எடையில் ஏறக்குறைய 16 சதவீதம் நைட்ரஜன். ஆக, அந்த ஒரு கிராமோடு 64 மில்லிகிராம் நைட்ரஜன் தொட்டிக்குள் இறங்குகிறது.

இதில் மீன் தன் உடம்பாக மாற்றிக்கொள்வது தோராயமாகக் கால் பங்கு. மீதி முக்கால் பங்கு, அதாவது 48 மில்லிகிராம், தண்ணீருக்கே வருகிறது. அதில் பெரும்பகுதி அம்மோனியாவாக மீனின் செவுள் வழியாகவே வெளியேறுகிறது. கொஞ்சம் கழிவாகக் கீழே விழுகிறது. தின்னாமல் மூழ்கிய தீனியோ மீனுக்குள் போகாமலேயே அழுகி அதே அம்மோனியாவாகிறது.

அம்மோனியா மீனுக்கு நஞ்சு. நல்லவேளையாக, ஃபில்டர் பஞ்சிலும் மணலிலும் குடியிருக்கும் ஒருவகை பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுகின்றன. நைட்ரேட் மீனுக்கு அவ்வளவு கெடுதல் செய்யாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பாக்டீரியா நைட்ரஜனை மாற்றியதே தவிர, வெளியேற்றவில்லை. 48 மில்லிகிராம் நைட்ரஜன், ஆக்சிஜனோடு சேர்ந்து சுமார் 210 மில்லிகிராம் நைட்ரேட்டாகத் தண்ணீரில் நிற்கிறது. 50 லிட்டரில் பகிர்ந்தால் லிட்டருக்கு நாளொன்றுக்கு 4 மில்லிகிராமுக்குச் சற்று மேல். வாரத்துக்கு 30.

இதிலிருந்து எவ்வளவு பாசி வளரலாம்? உலர்ந்த பாசியின் எடையில் நைட்ரஜன் 6 முதல் 7 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் 48 மில்லிகிராம் நைட்ரஜனைக் கொண்டு சுமார் 700 மில்லிகிராம் உலர் பாசி உருவாகலாம். ஆனால் தொட்டியில் பாசி உலர்ந்து இருப்பதில்லையே. பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் என்று கொண்டால் ஈரப்பாசி 7 கிராம். ஒரு கிராம் தீனி போட்டால் ஏழு கிராம் பாசிக்கு இடம் உண்டாகிறது. மீதி எடை எங்கிருந்து வந்தது என்றால், தண்ணீரிலிருந்தும் கரியமில வாயுவிலிருந்தும். மாதம் முழுவதற்கும் சேர்த்தால் 200 கிராமைத் தாண்டும்.

எல்லாத் தொட்டியிலும் அவ்வளவு பாசி வளர்ந்துவிடாது. வெளிச்சம் போதாமல் பெரும்பகுதி நைட்ரேட்டாகவே தங்கிவிடும். ஆனால் இருப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகும். வெயில் காலத்தில் ஜன்னல் திரையைச் சற்று விலக்கி வைத்த ஒரு வாரத்தில் தொட்டி திடீரென்று பச்சையாகிறதே, அது திடீரென்று நடந்தது அல்ல. தேவையான சத்து மாதக்கணக்காகச் சேர்ந்து காத்திருந்தது.

தண்ணீர் மாற்றினால் எவ்வளவு குறையும்?

அதே கணக்கை இன்னும் ஓரடி கொண்டுபோவோம். வாரத்துக்கு லிட்டருக்கு 30 மில்லிகிராம் நைட்ரேட் சேர்கிறது. வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றுகிறோம். முதல் வாரம் 30 ஆகும். கால் பங்கு போனால் 22.5, அடுத்த வாரம் 52.5, மீண்டும் கால் பங்கு கழித்தால் 39 சொச்சம். இப்படியே ஏறிக்கொண்டு போய், கடைசியில் தண்ணீர் மாற்றுவதற்கு முன் 120, மாற்றிய பின் 90 என்ற இடத்தில் நிலைகொள்ளும். அந்த அளவில் வாராவாரம் சேர்வதும் போவதும் சமம்.

பாதித் தண்ணீரை மாற்றினால் உச்சம் 60. பாதித் தண்ணீரையும் மாற்றி, தீனியையும் பாதியாக்கினால் உச்சம் 30. எவ்வளவு ஒழுங்காக மாற்றினாலும் பூச்சியம் வராது. ஆனால் தீனியைப் பாதியாக்குவதற்குக் காசும் இல்லை, உழைப்பும் இல்லை. பெரும்பாலான வீடுகளில் மீனுக்குத் தேவைக்கு மேல்தான் தீனி விழுகிறது. காலையில் தாத்தா ஒரு சிட்டிகை, பள்ளி விட்டு வந்த பிள்ளை ஒரு சிட்டிகை, இரவில் அப்பா ஒரு சிட்டிகை என்று அன்பினால் விழுகிறது. மீன் நம்மைப் பார்த்து மேலே வருவதைப் பசி என்று நினைக்க வேண்டாம். கை வந்தால் தீனி வரும் என்று அது பழகியிருக்கிறது. இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு போதும். வளர்ந்த மீன்களுக்கு வாரத்தில் ஒருநாள் போடாமல் விட்டாலும் கெடுதல் இல்லை.

எந்தத் தண்ணீரால் மாற்றுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட்தான் வரம்பு. விளைநிலங்களை ஒட்டியும் கழிவுநீர் ஊறும் இடங்களிலும் உள்ள சில ஆழ்துளைக் கிணறுகளில் இதைவிடவும் அதிகம் இருக்கும். அப்படிப்பட்ட தண்ணீரைக் கொண்டு எத்தனை முறை மாற்றினாலும் தொட்டியின் நைட்ரேட் அந்தத் தண்ணீரில் உள்ள அளவுக்குக் கீழே இறங்காது. மீன் கடைகளில் கிடைக்கும் நைட்ரேட் சோதனைத் தாளைத் தொட்டித் தண்ணீரில் மட்டும் நனைத்துப் பார்க்காமல், குழாய்த் தண்ணீரிலும் ஒருமுறை நனைத்துப் பாருங்கள்.

தொட்டியை மொத்தமாகத் தேய்த்துக் கழுவும் பழக்கம் ஏன் கைகொடுப்பதில்லை என்பதும் இப்போது புரியும். அது பாசியோடு சேர்த்து அந்த நல்ல பாக்டீரியாக்களையும் கழுவிவிடுகிறது. அவை மீண்டும் பெருக வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அம்மோனியா அப்படியே நிற்கும். மீன் தவிக்கும், நைட்ரேட்டைவிட அம்மோனியாவை எளிதாக எடுத்துக்கொள்ளும் பாசி கொழுக்கும். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் அலசாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ஒரு வாளியில் பிழிந்து எடுப்பது நல்லது. அழுக்கு போகும், குடியிருப்பு மிஞ்சும்.

கனடாவில் ஓர் ஏரி

சத்தைக் குறைத்தே பாசியை ஒழித்துவிட முடியாதா? ஏரிகளில் முடியும் என்று ஒரு புகழ்பெற்ற சோதனை காட்டியது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகள் இருக்கின்றன. அவற்றில் 226ஆம் எண் ஏரி நடுவில் குறுகி, இரண்டு பக்கமும் அகன்றது. 1973இல் டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியும் குழுவினரும் அந்தக் குறுகிய இடத்தில் ஒரு திரையை இறக்கி ஏரியை இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு பக்கத்திலும் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் கூடவே பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். அந்தப் பக்கம் சில வாரங்களில் பச்சைப் பசேலென்று ஆனது. மறுபக்கம் அப்படியே தெளிவாக இருந்தது. வானிலிருந்து எடுத்த அந்தப் படம் உலகெங்கும் பரவியது. சலவைத் தூளில் பாஸ்பேட்டைக் குறைக்க வேண்டும் என்று வாதாடியவர்களுக்கு அது பெரிய சான்றாக அமைந்தது.

எந்தச் சத்து தேவைக்கு மிகக் குறைவாக இருக்கிறதோ அதுவே வளர்ச்சியின் எல்லையைத் தீர்மானிக்கும். அதைத் தடைச்சத்து என்று அழைக்கலாம். அந்த ஏரியில் தடைச்சத்து பாஸ்பரஸ்.

இதைப் படித்துவிட்டுப் பாஸ்பேட் உறிஞ்சும் பொடியை வாங்கித் தொட்டியில் போடுபவர்கள் உண்டு. நம் கணக்கை ஏரியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஓர் ஏரியில் லிட்டருக்குச் சுமார் 0.03 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருந்தாலே அதைச் சத்து மிகுந்த ஏரி என்று வகைப்படுத்துகிறார்கள். மீன் தீனியில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு பாஸ்பரஸ். ஒரு கிராமில் 10 மில்லிகிராம். அதில் பாதி மட்டுமே கரைகிறது என்று வைத்தாலும் 50 லிட்டரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். ஒரே நாள் தீனி, ஏரியைப் பச்சையாக்கும் அளவைப்போல் மூன்று மடங்கைத் தந்துவிடுகிறது. தினமும் தீனி விழும் தொட்டியில் பாசியைப் பட்டினி போட்டு ஒழிக்க முடியாது. என் தீர்ப்பு இதுதான்: வீட்டுத் தொட்டியில் நம் கைக்கு அடங்கக்கூடிய தடை வெளிச்சம் ஒன்றே. சத்தைக் குறைக்கலாம், ஆனால் தடுக்க முடியாது. வெளிச்சத்தைத் தடுக்க முடியும்.

வெளிச்சம்

நடுப்பகல் வெயில் வீட்டுக்குள் எரியும் விளக்கைவிட நூற்றுக்கணக்கான மடங்கு வலியது. நம் கண் இருளுக்கும் ஒளிக்கும் தக்கபடி தன்னைச் சரிசெய்துகொள்வதால் அந்த வேறுபாட்டை உணர்வதில்லை. பாசி உணர்கிறது. காலையில் ஒருமணி நேரம் ஜன்னல் வெயில் நேராகப் படும் தொட்டி, மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் பச்சையாகும். தொட்டியை இடம் மாற்ற முடியாவிட்டால் அந்தப் பக்கக் கண்ணாடியில் கறுப்புத் தாளை ஒட்டிவிடலாம். செலவு பத்து ரூபாய். பலன் எந்த மருந்தையும்விட அதிகம்.

விளக்கு எத்தனை மணி நேரம்? மீனுக்குப் பகல் எது, இரவு எது என்று தெரிந்தால் போதும். செடி இருந்தால் ஆறு முதல் எட்டு மணி நேரம். செடியே இல்லாத தொட்டிக்கு நாம் பார்த்து ரசிக்கும் நேரம் மட்டும். காலையில் போட்டுவிட்டு இரவு படுக்கும்போது அணைக்கும் வீடுகளில் பதினாறு மணி நேரம் எரிகிறது; அதில் பாதி பாசிக்காக எரிகிறது. டைமர் பிளக் ஒன்று வாங்கி மாட்டிவிட்டால் நம் மறதி இதில் குறுக்கிடாது.

தண்ணீரே பச்சையானாலோ நீலப்பச்சைப் படலம் வந்தாலோ ஓர் எளிய வழி உண்டு. மூன்று நான்கு நாளுக்குத் தொட்டியைக் கனமான போர்வையால் முழுக்க மூடி, துளி வெளிச்சம் புகாமல் வைப்பது. தண்டிலும் வேரிலும் சேமிப்பு வைத்திருக்கும் செடிகள் இதைத் தாங்கும்; ஒற்றைச் செல் பாசியிடம் அவ்வளவு சேமிப்பு கிடையாது. இரண்டு எச்சரிக்கைகள். ஏர் பம்ப்பை நிறுத்தவே கூடாது, ஏனென்றால் இருட்டில் பாசியும் ஆக்சிஜனை எடுக்கிறது, செத்த பாசி அழுகும்போது இன்னும் அதிகமாக எடுக்கிறது. மூடியிருக்கும் நாள்களில் தீனியும் வேண்டாம். போர்வையை எடுத்த அன்றே பாதித் தண்ணீரை மாற்றிவிட வேண்டும். செத்த பாசியின் உடம்பிலிருந்த சத்து முழுவதும் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. அதை வெளியேற்றாவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அதுவே முதலாகிவிடும்.

போட்டிக்கு ஆள் வேண்டும்

1850இல் லண்டனைச் சேர்ந்த வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் ஒரு சோதனையை அறிவித்தார். 12 காலன் கொள்ளும் கண்ணாடிக் கலம், ஏறக்குறைய நம் கணக்கிலுள்ள தொட்டியின் கொள்ளளவு. அதில் இரண்டு சிறிய தங்கமீன், நாடாபோல் நீண்ட இலையுள்ள வாலிஸ்னேரியா செடி. செடி விடும் ஆக்சிஜன் மீனுக்கு, மீனின் கழிவு செடிக்கு என்று இரண்டும் ஒன்றையொன்று வாழவைக்கும் என்பது அவர் எண்ணம். கொஞ்ச நாளில் பழைய இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது, பச்சை படர்ந்தது. இன்று நாம் படும் அதே தொல்லை. அவர் சில குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகலையும் பச்சையையும் தின்றன. அவை இட்ட முட்டைகள் மீனுக்கு இரையாயின.

வாரிங்டனின் கலம் தெளிவாக இருந்ததற்கு நத்தையை மட்டும் காரணமாகச் சொல்வது வழக்கம். இரண்டே இரண்டு சின்ன மீன் என்பதும், செடி நன்றாக வளர்ந்தது என்பதும் அதைவிடப் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். செடியும் பாசியும் கேட்பது ஒரே சத்துகளை. செடி செழித்தால் அம்மோனியா தண்ணீரில் தங்காது, நிழலும் விழும்.

வேகமாக வளரும் செடிதான் இதற்கு ஏற்றது. பள்ளிக்கூடத்தில் புனலால் மூடி வெயிலில் வைத்து ஆக்சிஜன் குமிழ்களைக் காட்டுவார்களே, அந்த ஹைட்ரில்லா மிக நல்லது. வளர்ந்ததை வெட்டி எறிய எறிய மீண்டும் வளரும். 100 கிராம் ஈரச் செடியை வெட்டி எடுத்தால், உலர் எடை 8 கிராம், அதில் 3 சதவீதம் நைட்ரஜன் என்று கொண்டால் சுமார் 240 மில்லிகிராம் நைட்ரஜன் தொட்டியை விட்டு வெளியேறுகிறது. நம் தொட்டியின் ஐந்து நாள் வரவு அது. ஒரு கைப்பிடிச் செடி ஐந்து நாள் கழிவைச் சுமந்துகொண்டு வெளியே போகிறது. மணி பிளான்ட் கொடியின் வேரை மட்டும் தண்ணீரில் தொங்கவிடுவதும் இதே வேலையைச் செய்யும். இலை காற்றில் இருப்பதால் கரியமில வாயுவுக்கு அதற்குப் பஞ்சமே இல்லை.

அசோலாவை மிதக்கவிட்டால் நிழல் கிடைக்கும். ஆனால் அதன் இலைக்குள் குடியிருக்கும் நீலப்பச்சை பாக்டீரியா காற்றிலிருந்தே நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பதால், தண்ணீரிலுள்ள நைட்ரேட்டை அது அவ்வளவாகத் தேடாது. நெல் வயலுக்கு அது வரம். நைட்ரேட் கூடிய தொட்டிக்குக் குறைந்த உதவிதான்.

பாசியையே இந்தக் கோணத்தில் பார்க்கலாம். கண்ணாடியிலிருந்து சுரண்டி எடுக்கும் ஏழு கிராம் பாசி, ஒருநாள் தீனியின் கழிவு முழுவதையும் தன்னுள் வைத்திருக்கிறது. அதைத் தண்ணீரிலேயே மிதக்கவிட்டால் வேலை வீண். வலையால் அள்ளியோ குழாயால் உறிஞ்சியோ வெளியே எடுத்தால் தொட்டி சுத்தமாகிறது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்ட்டர் ஏடி 1980களில் இதை ஒரு முறையாகவே உருவாக்கினார். வெளிச்சத்தில் ஒரு வலைத்தட்டு, அதன்மேல் ஓடும் தொட்டித் தண்ணீர், தட்டில் வேண்டுமென்றே வளர்க்கும் பாசி, அவ்வப்போது அறுவடை. தொட்டியைச் சுத்தம் செய்தது பாசிதான்.

வீட்டில் நம் கண்ணில் நேராகப் படும் முன்பக்கக் கண்ணாடியை மட்டும் சுரண்டி, பின்பக்கத்தில் மெல்லிய பச்சையை விட்டுவைப்பது அறிவுள்ள செயல். மீன்களும் அதைக் கொறிக்கும்.

மருந்து

தாமிரம் கலந்த பாசிக்கொல்லிகள் பாசியைக் கொல்லும். நத்தையையும் இறாலையும் சேர்த்துக் கொல்லும். அளவு கூடினால் மீனையும். நீலப்பச்சை பாக்டீரியாவை ஒழிக்க எரித்ரோமைசின் மாத்திரையைக் கரைத்து ஊற்றுவோரும் உண்டு. மனிதர் நோய்க்கு வைத்திருக்கும் மருந்தை மீன் தொட்டியில் ஊற்றிச் சாக்கடைக்கு அனுப்புவது, மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்கும் வழி. செய்யாதீர்கள். எந்தக் கொல்லியானாலும் செத்த ஒவ்வொரு ஏழு கிராம் பாசியிலிருந்தும் 48 மில்லிகிராம் நைட்ரஜன் தொட்டிக்கே திரும்புகிறது. அதை மருந்து ஒன்றும் செய்வதில்லை.

‘டேங்க் கிளீனர்’

சென்னைக் கொளத்தூரின் மீன் கடைகளிலிருந்து சிற்றூர்க் கடை வரை, பாசி என்று சொன்னதும் எடுத்துத் தரும் மீன் இது. சக்கர் மீன் என்றும் சொல்வார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த கெளுத்தி இனம். உடம்பு முழுக்கக் கேடயம்போல் தகடுகள். விரல் நீளத்தில் இருக்கும்போது கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்பது உண்மை. ஆனால் தின்ற பாசியின் நைட்ரஜன் எங்கே போகும்? மற்ற மீனைப்போலவே இதன் செவுள் வழியாகவும் கழிவாகவும் தொட்டிக்கே வரும். தின்பதைவிட அதிகமாகக் கழிவு போடுவதுபோல் தோன்றும் மீன் இது. வளர்ந்தால் ஓரடியைத் தாண்டும். இரண்டடித் தொட்டியில் திரும்பவே இடமிருக்காது. பெரிதானபின் பாசியை விட்டுவிட்டு மற்ற மீன்களுக்குப் போடும் தீனியையே அது நாடும்.

அந்தக் கட்டத்தில்தான் பலர் அதை ஒரு பாத்திரத்தில் எடுத்துப்போய் அருகிலுள்ள ஏரியில் விட்டுவிடுகிறார்கள். கொல்ல மனமில்லாமல் செய்வது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஆந்திரத்திலும் இன்று இந்த மீன் ஏரிகளிலும் ஓடைகளிலும் பெருகியிருக்கிறது. மோசமான தண்ணீரிலும் காற்றை விழுங்கி உயிர் வாழும். முள்ளும் தகடும் இருப்பதால் இரைகொல்லிகள் குறைவு. கரையில் வளை தோண்டி முட்டையிடுவதால் மண் சரியும். மீனவர் வலையில் சிக்கினால் வலை கிழியும், விற்பதற்கும் ஆகாது. நம் கெண்டைக்கும் கெளுத்திக்கும் உரிய பாசியையும் இடத்தையும் அது எடுத்துக்கொள்கிறது.

பாசிக்காக ஓர் உயிர் வேண்டுமென்றால் நத்தை ஒன்றிரண்டு போதும். சக்கர் மீன் ஏற்கெனவே வீட்டில் பெரிதாகிவிட்டதென்றால் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கேளுங்கள், பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். தொட்டியிலிருந்து வெட்டிய செடியையும் நத்தையையும் வாய்க்காலில் போடாமல் வெயிலில் நன்றாகக் காயவைத்து உரக்குழியில் சேருங்கள். மாற்றிய தண்ணீரைப் பூந்தொட்டிகளுக்கு ஊற்றுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் தொட்டி மீனைக் குளத்திலோ ஏரியிலோ ஆற்றிலோ விடாதீர்கள்.